தெருவிளக்கு யாருடையது? தமிழ்நாட்டில் உள்ளூர்ப் பொதுச் சேவைகளைக் கேட்டுப் பெறும் வழி

தெருவிளக்கு அணைந்து மூன்று நாள் ஆனதும் குடியிருப்போர் மின்வாரியத்தின் பிரிவு அலுவலகத்தை அழைக்கிறார்கள். அங்கிருப்பவர் அது நகராட்சியின் வேலை என்கிறார். நகராட்சியில் கேட்டால், கம்பத்துக்கு மின்சாரமே வரவில்லை, மின்வாரியத்தில்தான் சொல்ல வேண்டும் என்கிறார்கள். இருவர் சொல்வதும் ஒருவகையில் சரியே. கம்பமும் அதன்மேல் ஓடும் கம்பியும் பெரும்பாலான தெருக்களில், மின்வாரியம் என்று நாம் சொல்லும் மின் பகிர்மானக் கழகத்துக்கு உரியவை. விளக்கும், அதைப் போட்டு அணைக்கும் பெட்டியும், அதற்கான மின்கட்டணமும் உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. வரிசையில் ஒரு விளக்கு மட்டும் எரியாவிட்டால் உள்ளாட்சியிடம் சொல்ல வேண்டும். வீடுகளுக்கும் மின்சாரம் வரவில்லை, அல்லது கம்பி தாழ்ந்து தொங்குகிறது என்றால் மின்வாரியத்திடம் சொல்ல வேண்டும்.

அக்கம்பக்கத்தாருக்குப் பல ஆண்டுகளாக மனு எழுதிக் கொடுத்து வந்ததில் நான் கண்டது இதுதான்: மனுக்கள் பெரும்பாலும் எழுத்துப் பிழையால் தோற்பதில்லை, உரியவரிடம் போய்ச் சேராததால் தோற்கின்றன. ஆகவே எந்த வேலை யாருடையது என்பதையும், அவரிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்பதையும், அவர் செய்யாதபோது அடுத்து எங்கே போக வேண்டும் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் குறித்துவைக்க வேண்டியவை

ஒரு சிறு குறிப்பேடு வாங்கி, முதல் பக்கத்தில் உங்கள் வீட்டின் விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பகுதி மாநகராட்சியா, நகராட்சியா, பேரூராட்சியா, ஊராட்சியா என்பது முதல் வரி. அடுத்து வார்டு எண்ணும், மாநகராட்சியாக இருந்தால் மண்டலமும். அதன்கீழ் சொத்துவரி விதிப்பு எண், குடிநீர் இணைப்பு எண், மின் இணைப்பு எண், குடும்ப அட்டை எண் ஆகியவை. இவற்றோடு பலர் எழுத மறப்பது வருவாய் கிராமம், வட்டம் ஆகியவற்றின் பெயர்களை. நகரத்தில் வசிப்பவருக்கும் வருவாய் கிராமம் ஒன்று உண்டு. உள்ளாட்சியின் வார்டு எல்லை வேறு, வருவாய்த் துறையின் கிராம எல்லை வேறு. ஒரே தெருவின் இரு பக்கங்கள் இரு வேறு வருவாய் கிராமங்களில் இருப்பதும் உண்டு. சொத்துவரிக்கு முதல் எல்லை வேண்டும், சாதிச் சான்றிதழுக்கு இரண்டாவது வேண்டும்.

அலுவலர்களையும் இதே பக்கத்தில் குறிக்கலாம். ஊராட்சியில் ஊராட்சித் தலைவரும் ஊராட்சி செயலரும், அவர்களுக்கு மேலே ஊராட்சி ஒன்றியத்தில் வட்டார வளர்ச்சி அலுவலரும் இருக்கிறார்கள். பேரூராட்சியில் செயல் அலுவலரும், நகராட்சியிலும் மாநகராட்சியிலும் ஆணையரும் நிர்வாகத் தலைமை. ஊராட்சிகள் 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படியும், நகர்ப்புற அமைப்புகள் 2023 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டத்தின்படியும் இயங்குகின்றன. வார்டு உறுப்பினர் பழுதுபார்ப்பவர் அல்லர். ஆனால் எந்தப் பணிக்கு எப்போது நிதி ஒதுக்கப்படுகிறது என்பதை அறிந்தவர், மன்றத்தில் கேள்வி எழுப்பக்கூடியவர். பழுதுக்குப் பொறியாளரையும், புதிய வசதிக்கு வார்டு உறுப்பினரையும் அணுகுவது என் வழக்கம்.

தண்ணீரும் கழிவுநீரும்

மிகுந்த குழப்பம் நிலவுவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். சென்னையில் குடிநீரும் பாதாளச் சாக்கடையும் மாநகராட்சியின் கையில் இல்லை; 1978-இல் அமைக்கப்பட்ட சென்னைக் குடிநீர் வாரியம் அவற்றைக் கவனிக்கிறது. மழைநீர் வடிகால் மட்டும் மாநகராட்சியுடையது. எனவே தெருவில் தேங்கி நிற்பது சாக்கடைத் தொட்டியிலிருந்து பொங்கிய கழிவுநீரானால் 044-4567 4567 என்ற வாரியத்தின் எண்ணுக்கும், வடிகால் அடைத்து நிற்கும் மழைநீரானால் 1913 என்ற மாநகராட்சி எண்ணுக்கும் சொல்ல வேண்டும். எது என்று தெரியாவிட்டால் இரண்டு இடங்களிலும் பதிவு செய்து இரண்டு புகார் எண்களையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மற்ற ஊர்களில் பிரிவு வேறு விதமானது. ஆற்றிலிருந்தோ நீர்த்தேக்கத்திலிருந்தோ பல ஊர்களுக்குச் சேர்த்து நீர் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களைப் பெரும்பாலும் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் அமைக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கான ஒகேனக்கல் திட்டம் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஊருக்குள் மேல்நிலைத் தொட்டியிலிருந்து தெருக்குழாய்க்கும் வீட்டுக்குழாய்க்கும் நீரை விடுவது உள்ளாட்சி. ஊர் முழுவதும் தண்ணீர் வரவில்லையென்றால் பெரிய குழாயிலோ நீரேற்றும் இடத்திலோ தடை இருக்கக்கூடும். பக்கத்துத் தெருவில் வந்து உங்கள் தெருவில் வரவில்லையென்றால் அது வால்வு திறப்பவரும் உள்ளாட்சிப் பொறியாளரும் கவனிக்க வேண்டியது. குடிநீரில் சாக்கடை வாடை வந்தால், அதைக் குழாய் உடைப்பு என்று எழுதாமல் ‘குடிநீரில் கழிவுநீர் கலக்கிறது’ என்றே எழுதுங்கள். அது பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்பதால் சுகாதாரப் பிரிவும் உடனே வந்து மாதிரி எடுக்க வேண்டும். அதுவரை அந்த நீரைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்தாதீர்கள், எதிர்வீட்டாருக்கும் சொல்லிவிடுங்கள்.

கழிவுநீர்த் தொட்டியைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தொட்டிக்குள்ளோ சாக்கடைக்குள்ளோ பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் மனிதரை இறக்கிச் சுத்தம் செய்யச் சொல்வது, 2013-ஆம் ஆண்டின் சட்டப்படி, சொல்பவர் மீதான குற்றம். வீட்டு உரிமையாளருக்கும் அது பொருந்தும். அந்த நச்சுவாயு ஓரிரு நிமிடங்களில் உயிரைப் பறிக்கும், காப்பாற்ற இறங்கியவர்களும் சேர்ந்து இறந்த செய்திகளை நாம் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறோம். உள்ளாட்சியில் உரிமம் பெற்ற கழிவுநீர் ஊர்திக்கு 14420 என்ற எண்ணில் கேளுங்கள். இரண்டு நாள் காத்திருக்க நேர்ந்தாலும் காத்திருங்கள்.

குப்பையை மக்கும் குப்பை, மக்காத குப்பை, பேட்டரியும் மருந்தும் போன்ற தீங்கு தரும் குப்பை என வீட்டிலேயே பிரித்துக் கொடுப்பது நம் கடமை. உடைந்த கண்ணாடியைத் தாளில் சுற்றி மேலே எழுதிக் கொடுங்கள். அதை எடுப்பது தூய்மைப் பணியாளரின் கை. வண்டி வராத நாள்களைத் தேதியோடு குறித்து, தொடர்ந்து வராவிட்டால் வார்டின் சுகாதார ஆய்வாளரிடம் அந்தத் தேதிகளைக் கொடுங்கள்.

சாலையும் மின்சாரமும்

சாலைக்கும் பல உரிமையாளர்கள் உண்டு. ஊருக்குள் இருக்கும் தெருக்கள் உள்ளாட்சியுடையவை. ஊர்களை இணைக்கும் சாலை ஊராட்சி ஒன்றியத்துடையதாகவோ மாநில நெடுஞ்சாலைத் துறையுடையதாகவோ இருக்கலாம். தேசிய நெடுஞ்சாலைக்கு 1033 என்ற உதவி எண் இருக்கிறது. புதிய சாலை போடும்போது பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள். சுரண்டாமல் போட்ட சாலை ஒவ்வொரு முறையும் சில அங்குலம் உயர்ந்து, சில ஆண்டுகளில் வீட்டு வாசலைப் பள்ளமாக்கிவிடும். போட்டு முடித்தபின் கேட்டுப் பயன் இல்லை.

மின்தடை, குறைந்த மின்னழுத்தம், கட்டணக் குழப்பம் எல்லாவற்றுக்கும் மாநிலம் முழுமைக்கும் பொதுவான மின்னகம் என்ற சேவை மையம் 2021 முதல் இயங்குகிறது. எண் 94987 94987. மின் இணைப்பு எண்ணைச் சொன்னால் புகார் நேராக உங்கள் பிரிவு அலுவலகத்துக்குப் போகும். அறுந்து விழுந்த கம்பியைக் கண்டால் எண்ணைத் தேடும் முன், மற்றவர் அருகே போகாதபடி நிறுத்துங்கள். தெரு முழுவதும் மாலையில் விளக்கு மங்குகிறதென்றால் அது மின்மாற்றி தாங்கும் சுமையைப் பற்றியது. தனிப் புகார்கள் பல கொடுப்பதைவிட, பாதிக்கப்பட்ட வீடுகளின் மின் இணைப்பு எண்களைப் பட்டியலிட்டு, எல்லாரும் கையெழுத்திட்ட ஒரே மனுவைப் பிரிவின் உதவிப் பொறியாளரிடம் கொடுப்பது பலன் தரும்.

சொத்துவரி ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் முதலும் அக்டோபர் முதலும் தொடங்கும் அரையாண்டுகளுக்குச் செலுத்தப்படுகிறது. நகர்ப்புறங்களில் அரையாண்டின் முதல் மாதத்துக்குள் செலுத்துவோருக்கு 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு, உச்சவரம்பு 5,000 ரூபாய். அந்த வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. விடுதலை பெற்ற இந்தியாவிலேயே முதலாவதாக இந்த மாநிலத்தில் 1948-இல் வந்த பொது நூலகச் சட்டம் அதற்கு வழிசெய்தது. உங்கள் பகுதிக் கிளை நூலகம் உங்கள் பணத்தில் நடக்கிறது. உறுப்பினராகுங்கள், பிள்ளைகளையும் சேர்த்துவிடுங்கள்.

பிறப்பு, இறப்பு, சான்றிதழ்கள்

பிறப்பையும் இறப்பையும் 21 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பதிவு நடப்பது குடியிருக்கும் ஊரில் அல்ல, நிகழ்வு நடந்த ஊரில். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு சென்ற பெண்ணின் குழந்தைக்கு, அந்த ஊரில்தான் பதிவு இருக்கும். வெளியூர் மருத்துவமனையில் இறந்தவருக்கு அந்த மருத்துவமனை இருக்கும் உள்ளாட்சியில் இருக்கும். இதை அறியாமல் சொந்த ஊர் அலுவலகத்துக்கு மாதக்கணக்கில் அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மருத்துவமனையில் நிகழ்ந்தவற்றை மருத்துவமனையே தெரிவித்துவிடும். வீட்டில் நிகழ்ந்தால் குடும்பத்தார்தான் தெரிவிக்க வேண்டும். ஊராட்சிப் பகுதியில் அதற்குக் கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். 30 நாள்கள் வரை தாமதக் கட்டணத்தோடு முடியும். அதற்குமேல் ஓராண்டு வரை உயரலுவலரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். ஓராண்டு கடந்துவிட்டால் வருவாய்க் கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவரின் ஆணை தேவைப்படும்.

குழந்தைக்குப் பெயர் வைக்காவிட்டாலும் பதிவு செய்யலாம். 12 மாதங்களுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டுகள் வரை கட்டணத்தோடு சேர்க்கலாம். தள்ளிப்போடாதீர்கள். 2023 அக்டோபர் 1-ஆம் நாளும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், அரசுப் பணி ஆகியவற்றுக்குப் பிறந்த நாளையும் இடத்தையும் காட்டும் சான்றாகப் பிறப்புச் சான்றிதழே இருக்கிறது. முன்னெழுத்தும் பெற்றோர் பெயரும் ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் உள்ளபடியே இருக்கின்றனவா என்று, சான்றிதழ் கைக்கு வந்த அன்றே எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். திருமணத்தைப் பதிவு செய்வது 2009-ஆம் ஆண்டின் சட்டப்படி கட்டாயம். 90 நாள்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் முடித்துவிடுவது நல்லது.

வருமானம், சாதி, இருப்பிடம், முதல் பட்டதாரி, வாரிசு ஆகிய சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று மேலே போகிறது; நிலையைக் குறுஞ்செய்தியில் அறியலாம். மின்னொப்பமிட்ட சான்றிதழை அச்சிட்டுக்கொண்டால் போதும், அதன்மேல் பச்சை மை கையெழுத்து வேண்டியதில்லை. நிராகரிக்கப்பட்டால் காரணத்தைப் படித்து, அந்தக் குறையை மட்டும் சரிசெய்து மறுபடியும் விண்ணப்பியுங்கள். பிளஸ் டூ தேர்வு முடிவு வந்தபின் எல்லாரும் ஒரே வாரத்தில் குவிவார்கள் என்பதால், பிள்ளை தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும்போதே பெற்றோர் இந்த வேலையை முடித்துவிட வேண்டும்.

குடும்ப அட்டையில் பெயர் சேர்த்தல், நீக்கல், முகவரி மாற்றம் ஆகியவை வட்ட வழங்கல் அலுவலரைச் சார்ந்தவை. திருமணமாகி வந்தவரின் பெயரைப் பெற்றோர் அட்டையிலிருந்து நீக்கியபின்தான் புதிய அட்டையில் சேர்க்க முடியும். நியாயவிலைக் கடையில் பொருள் மறுக்கப்பட்டாலோ, வாங்காத பொருளை வாங்கியதாகக் குறுஞ்செய்தி வந்தாலோ 1967-க்குச் சொல்லலாம். கைரேகை பதியாத முதியோரும் நடக்க இயலாதோரும் தமக்காக வேறொருவர் பொருள் வாங்க அங்கீகாரம் அளிக்கும் படிவம் கடையிலேயே உண்டு. பல முதியோருக்கு அது தெரியாமலேயே இருக்கிறது.

மருத்துவ அவசரத்துக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104, குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, முதியோருக்கு 14567 ஆகியவற்றைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். நாய் கடித்தால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி அங்கே இலவசம்.

மனுவை எழுதும் முறை

தொலைபேசியில் சொன்ன புகாருக்கும் எண் கேட்டு வாங்குங்கள். மூன்று நாளில் வேலை நடக்காவிட்டால் எழுத்துக்கு வாருங்கள். நல்ல மனு அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். இடம், தொடங்கிய நாள், முன்பு கொடுத்த புகாரின் எண், கேட்பது என்ன என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். ‘எங்கள் பகுதியில் சாக்கடை நாறுகிறது, தயவுசெய்து ஆவன செய்யவும்’ என்ற மனுவை யாரும் எளிதில் ஒதுக்கி வைக்கலாம். ‘12-ஆவது வார்டு, பள்ளிக்கூடத் தெருவில், கதவிலக்கம் 7-க்கு எதிரே உள்ள பாதாளச் சாக்கடைத் தொட்டியிலிருந்து இம்மாதம் 3-ஆம் நாள் முதல் கழிவுநீர் வெளியேறுகிறது, 5-ஆம் நாள் அளித்த புகாரின் எண் இது, அடைப்பை நீக்கி, உடைந்த மூடியை மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதினால் பணியாளர் நேராக அந்த இடத்துக்கே வர முடியும். ஒரு மனுவில் ஒரே கோரிக்கை. விளக்கையும் சாக்கடையையும் ஒரே தாளில் எழுதினால் அது எந்தப் பிரிவின் கோப்பு என்பதிலேயே நாள் போய்விடும்.

இரண்டு படிகள் எடுத்துச் சென்று, ஒன்றைக் கொடுத்து மற்றொன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளுங்கள். கொடுக்க மறுத்தால் சேர்ந்ததற்கான சான்றுடன் விரைவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். எதிரே இருக்கும் அலுவலரிடம் மரியாதையாகப் பேசுங்கள். அவர் அதிகாரம் இல்லாதவராகவோ ஆளில்லாத பிரிவைத் தனியே சுமப்பவராகவோ இருக்கலாம், ஆனால் முத்திரையை வாங்காமல் திரும்பாதீர்கள்.

வேலை நடக்காமலேயே ‘தீர்க்கப்பட்டது’ என்ற குறுஞ்செய்தி வருவதுண்டு. எங்கள் தெருவின் உடைந்த வடிகால் மூடிக்கு அப்படி இருமுறை வந்தது. கோபத்தில் புதிய புகார் கொடுத்தால் காலக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆகவே அன்றைய தேதியோடு புகைப்படம் எடுத்து, பழைய எண்ணையே குறிப்பிட்டு, தீர்வு தவறானது என்று மேலதிகாரிக்கு எழுதுங்கள். மூன்றாம் முறைதான் அந்த மூடி உண்மையில் மாற்றப்பட்டது.

மேலே போகும் படிகள்

உள்ளாட்சிப் பொறியாளருக்குப் பின் ஆணையர் அல்லது செயல் அலுவலர். அதற்குப் பின், திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். அங்கே தரும் மனுவுக்கும் எண் உண்டு. வீட்டிலிருந்தே முதலமைச்சரின் உதவி மையமான 1100-க்கும் பேசலாம். மனு எங்கே கொடுத்தாலும் கடைசியில் அதே அலுவலரிடம்தான் திரும்பி வரும் என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். வருவது உண்மைதான், ஆனால் மேலிருந்து வரும்போது பதில் எழுத வேண்டிய கட்டாயமும் சேர்ந்து வருகிறது.

அதற்கும் அசையாதபோது தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்ப வேண்டும். 30 நாள்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாள்களுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாள்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்காதீர்கள். கோப்பில் இருப்பதைத்தான் அவர்கள் தர வேண்டும். ‘இந்தத் தேதியில் நான் அளித்த மனுவின்மீது ஒவ்வொரு நாளும் எடுக்கப்பட்ட நடவடிக்கையின் நகல், அந்தக் கோப்பு யார் யாரிடம் எத்தனை நாள் இருந்தது என்ற விவரம், அவர்களின் பதவி’ என்று கேளுங்கள். இந்தக் கேள்வி அலுவலகத்துக்குள் போனதுமே வேலை நடந்துவிட்டதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஊராட்சியில் வசிப்போருக்கு இன்னொரு வலுவான இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் அது கூடுகிறது. வரவு செலவுக் கணக்கை அங்கே எவரும் கேட்கலாம். உங்கள் கோரிக்கை தீர்மானமாக எழுதப்பட்டதைப் பதிவேட்டில் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்திடக் கூடாது. நகரங்களில் வார்டுக்குள் பகுதி சபைகள் 2022 முதல் கூட்டப்படுகின்றன.

எழுதத் தெரியாத ஒருவருக்காக மனு எழுதும்போது, அவர் சொன்னதை மட்டும் எழுதி, முழுவதையும் அவருக்குப் படித்துக் காட்டி, அதன்பின் கைரேகை வாங்குங்கள். முத்திரையிட்ட படியை உங்கள் கோப்பில் வைத்துக்கொள்ளாமல் அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.